முன்னாடி ஜெயிச்சத வெச்சு புதுசா ஒண்ணு ஆரம்பிக்கறது எப்படிங்க? அடிக்கடி கேக்கற கேள்விக

திருப்பூர்ல பனியன் கம்பெனில மெர்சன்டைசரா இருக்கேன், ஆர்டர் வந்ததுல இருந்து சரக்கு அனுப்பற வரைக்கும் பாத்துக்கற வேலை. எங்க லைன்ல தைக்கற பொண்ணுக, காலைல வாக்கிங் வர்ற அக்காமாருக, காங்கேயம் பக்கம் தோட்டத்துல இருக்கற ஒரம்பரைக, எல்லாரும் ஏதாவது ஒண்ணு புதுசா ஆரம்பிக்கறாங்க, சக்கரைய கொறைக்கணும், கார் ஓட்டக் கத்துக்கணும், அரசாங்க வேலைக்கு குரூப் 4 பரீட்சை எழுதணும், பீடிய விடணும்னு. அப்பறம் நடுவுல மாட்டிக்கிட்டு எங்கிட்ட வந்து கேக்கறது சுத்திச் சுத்தி அதே சந்தேகந்தான். ஒவ்வொருத்தருக்கா வாய்ஸ் மெசேஜ் போட்டு முடியல, அதனால எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதிட்டேன். கேள்விய அவங்கவங்க கேட்ட மாதிரியே விட்டிருக்கேன், யாருன்னு மட்டும் எழுதல.

அக்கா, மனசு சோர்ந்தா பழைய வெற்றிய நெனச்சுப் பாருன்னு எல்லாரும் சொல்றாங்க. நெனச்சா மட்டும் என்ன ஆயிரும்?

நெனச்சா ஒரு அரை மணி நேரம் நல்லா இருக்கும், அவ்வளவுதான். ஆனா அந்தப் பேச்சுல விசயம் இல்லாம இல்ல. ஆல்பர்ட் பாண்டுரான்னு ஒரு உளவியல்காரர் 1977ல ஒரு கட்டுரை எழுதுனாரு, "இது என்னால முடியும்"ங்கற நம்பிக்கை மனுசனுக்கு எங்கிருந்து வருதுன்னு. நாலு எடம் சொன்னாரு. நாமளே முன்னாடி செஞ்சு முடிச்சது, நம்மள மாதிரி ஒருத்தர் செய்யறதப் பாக்கறது, அடுத்தவங்க குடுக்கற தைரியம், அப்பறம் அந்த நேரத்துல நம்ம ஒடம்பும் மனசும் இருக்கற நெலம. இதுல மொதல்ல சொன்னதுக்குத்தான் பலம் ஜாஸ்தின்னு சொன்னாரு.

ஆனா எங்க தொழில்ல ஒண்ணு இருக்குதுங்க. புது ஆர்டர் வந்தா பழைய சிப்மெண்ட் போட்டோவ எடுத்து வெச்சுப் பாத்து யாரும் சந்தோசப்படறதில்ல, பழைய ஆர்டர் ஃபைல எடுப்போம். எந்த சாயப்பட்டறைல எத்தன நாள் லேட்டாச்சு, துணி எவ்வளவு வேஸ்ட்டேஜ் போச்சு, எந்த இடத்துல சரக்கு வாங்கற பையர் ரிஜெக்ட் பண்ணுனான், கடைசில யாரு வந்து காப்பாத்துனாங்க, எல்லாம் அதுல இருக்கும். உங்க பழைய வெற்றியையும் அப்பிடித்தான் எடுக்கணும்ங்கறது என்ற கட்சி. நீங்க ஜெயிச்ச நாளு எதுக்கும் ஒதவாது, ஜெயிக்கறதுக்கு முன்னாடி நடந்த நாளுகதான் ஒதவும். கீழ எல்லாப் பதில்லயும் நான் ஃபைல், ஃபைல்னு சொன்னா இதத்தான் சொல்றேன்.

எனக்கெல்லாம் சொல்லிக்கற மாதிரி ஒண்ணுமே இல்லீங்க, பத்தாவதே பாஸ் பண்ணல. நான் எதை எடுக்கறது?

இந்தக் கேள்விதான் அதிகம் வருது, அதுலயும் பொம்பளைககிட்ட இருந்து. மார்க்கு, மெடலு, புரமோசன் இதுக்குத்தான் வெற்றின்னு பேரு வெச்சு வளத்துட்டாங்க. கைமடிக்கற எடுபிடி வேலைக்குன்னு கம்பெனிக்குள்ள வந்து ஓவர்லாக் தையல் மெசின் கத்து, அப்பறம் பிளாட்லாக் மெசின்ல உக்காந்த புள்ள அதைக் கணக்குல சேக்கறதே இல்ல. படுத்த படுக்கையா கெடந்த மாமியாரப் புண்ணு வராமப் பாத்துக்கிட்டது, மகளிர் குழு லோன ஒரு தவணை விடாமக் கட்டுனது, நாப்பது வயசுக்கு மேல டிவிஎஸ் எக்ஸெல் ஓட்டக் கத்துக்கிட்டு சந்தைக்குப் போயிட்டு வர்றது, இதெல்லாம் யாரும் கை தட்டாததனால கணக்குல வராமப் போயிருது.

ஒரே ஒரு சோதனைதான். அது கொஞ்ச நாளு இழுத்திருக்கணும், நடுவுல விட்டுறலாமான்னு ஒரு தடவையாவது தோணியிருக்கணும், நீங்க விடாம இருந்திருக்கணும். அப்பிடி ஒண்ணு இல்லாத மனுசன நான் பாத்ததில்லீங்க.

சரிங்க, ஒண்ணு எடுத்தாச்சு. அதுக்குள்ள என்னத்தப் பாக்கறது?

ஒரு ஆளோட ஃபைலப் பிரிச்சே காட்டிடறேன். எங்க செக்கிங் டேபிள்ல ஒரு அக்கா, ஏலச்சீட்டு போட்டாங்க, இருபது மாசச் சீட்டு, ஒரு மாசம் கூட விடல. (சீட்டு போடறவங்க பதிவு பண்ணுன சீட்டாப் பாத்துப் போடுங்க, அது தனிக் கதை.) எப்படிக்கா விடாமக் கட்டுனீங்கன்னு கேட்டா, "கட்டணும்னு வைராக்கியம்"னாங்க. வைராக்கியம்ங்கறது பதிலே இல்லீங்க, அது எல்லாருக்கும் இருக்கு, பாதிப்பேரு ஆறாவது மாசத்துல முழிக்கறாங்க. இன்னும் தோண்டித் தோண்டிக் கேட்டா அப்பறந்தான் விசயம் வந்துச்சு. இங்க சம்பளம் சனிக்கிழமை. சம்பளக் கவரு வாங்குன கையோட ஊட்டுக்குப் போகாம நேரா சீட்டுக்காரம்மா ஊட்டுக்குப் போயி, அந்த வாரத்துப் பங்கைக் குடுத்துட்டு நோட்டுல கையெழுத்து வாங்கிட்டுத்தான் ஊட்டுக்குப் போவாங்களாம். மாசக் கடைசில மொத்தமாக் கட்டற சீட்ட வாரவாரம் நாலாப் பிரிச்சு அவங்களா வெச்சுக்கிட்ட ஏற்பாடு. ஏன்னா காசு ஊட்டுக்குள்ள போயிட்டா பையன் பைக்கு பெட்ரோலு, நங்கை ஊட்டு சீருன்னு கரைஞ்சு போயிருமாம்.

இப்ப பாருங்க, இதுல என்னென்ன கெடைக்குது. ஊட்டு வாசப்படி தாண்டறதுக்கு முன்னாடி முடிச்சுட்டாங்க, பெருசச் சின்னதாப் பிரிச்சுட்டாங்க, கண்ணுல பாக்கற மாதிரி ஒரு நோட்டு இருந்துச்சு, எதிர்ல ஒரு ஆளு இருந்துச்சு. அந்த அக்காவுக்கு இப்ப சக்கரை, டாக்டர் நடக்கச் சொல்லிட்டாரு, காலைல அஞ்சு மணிக்கு அலாரம் வெச்சு வெச்சுத் தோத்துட்டாங்க. ஃபைல்ல காலைலங்கற பேச்சே இல்லையே! அதனால சாயங்காலம் சிப்டு முடிச்சு சேர் ஆட்டோ புடிக்காம பழைய பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்துட்டு அப்பறம் பஸ் ஏறறாங்க, ஊட்டுக்குள்ள போறதுக்கு முன்னாடி நடை முடிஞ்சுருது. கூட வர்ற இன்னொரு அக்கா நோட்டுல கையெழுத்துப் போடறாங்க, சிரிப்பா இருந்தாலும் நடக்குது.

நீங்களும் இப்பிடித்தான் கேக்கணும், எந்த நேரத்துல செஞ்சேன், பக்கத்துல யாரு இருந்தாங்க, எதை விட்டுக்குடுத்தேன், எந்த எடத்துல விட்டுறலாம்னு இருந்துச்சு, அந்த அன்னைக்கு என்ன நடந்து விடாமப் போச்சு. கடைசிக் கேள்விதான் தங்கம், அதை மட்டுமாவது எழுதிப் பாருங்க.

அந்த வேலைக்கும் இந்த வேலைக்கும் சம்பந்தமே இல்லையே? சமையல் நல்லாச் செய்வேன், அதை வெச்சு கார் எப்படி ஓட்டறது?

சமையல் கை கார் ஓட்டாது, சரிதான். ஆனா சமையல் எப்படிக் கத்துக்கிட்டீங்க? பாத்துக் கத்துக்கிட்டீங்களா, கெடுத்துக் கெடுத்துக் கத்துக்கிட்டீங்களா, எழுதி வெச்சுக் கத்துக்கிட்டீங்களா? அது கார்லயும் வரும். பாத்துக் கத்துக்கற ஆளுன்னா மொதல் வாரம் பின் சீட்ல உக்காந்து இன்னொருத்தர் ஓட்டறதப் பாக்கறேன்னு டிரைவிங் ஸ்கூல்ல கேளுங்க, ஒண்ணும் சொல்லமாட்டாங்க.

நம்ம ஜி.டி.நாயுடுவ எடுத்துக்கங்க. சூலூர் பக்கம் கலங்கல்ல 1893ல பொறந்தவரு. கோயமுத்தூர்ல ஓட்டல்ல வேலை செஞ்சு காசு சேத்து ஒரு மோட்டார் பைக்க வாங்கி, அதைக் கழட்டி மறுபடி மாட்டிக் கத்துக்கிட்ட ஆளு. 1920ல ஒரே ஒரு பஸ்ஸோட பொள்ளாச்சி பழனி ரூட்ல ஆரம்பிச்சாரு. 1937ல பாலசுந்தரம்ங்கறவரோட சேந்து இந்தியாவுல மொதல் எலக்ட்ரிக் மோட்டார்னு சொல்றாங்களே அதைச் செஞ்சாரு. பஸ் நடத்தத் தெரிஞ்சா மோட்டார் காயில் சுத்தத் தெரிஞ்சுருமா? தெரியாது. பைக்குல இருந்து மோட்டாருக்கு வந்தது அந்தக் கழட்டிப் பாக்கற புத்திதான். கோயமுத்தூர் அவினாசி ரோட்டுல அவரு மியூசியம் இருக்கு, புள்ளைகளக் கூட்டிட்டுப் போங்க, எத்தன விதமான சாமானு மேல கை வெச்சிருக்காருன்னு தெரியும்.

ஸ்கூல்ல நாந்தான் ஃபர்ஸ்ட், நாமக்கல் பக்கம் ஹாஸ்டல்ல தங்கிப் படிச்சேன். இப்ப குரூப் 4க்கு ஒரு மணி நேரம் உக்கார முடியல. நான் மாறிட்டனா?

நீ மாறல கண்ணு, சுத்தி இருந்தது போயிருச்சு. அந்த ஹாஸ்டல்ல அஞ்சு மணிக்கு எழுப்பி விட்டது நீயா? வாரம் ஒரு டெஸ்டு வெச்சது நீயா? போன வாங்கி வெச்சுக்கிட்டது, பக்கத்து பெஞ்சுல அதே டெஸ்டுக்கு எழுவது பேரு உக்காந்திருந்தது, எதுவும் நீ செஞ்சதில்ல. அதுக்காக உன்ற மார்க்கு பொய்யின்னு சொல்ல வரல. உன்ற ஃபைல்ல மூள ஒரு பக்கம்னா அடுத்தவங்க போட்ட டைம்டேபிள் ஒம்பது பக்கம். இப்ப ஊட்டுல ரூமுக்குள்ள தனியா போனோட உக்காந்து "மூள மழுங்கிருச்சு"ன்னு அழுதா எப்படி?

அதனால ஹாஸ்டல வெளிய தேடு. மாவட்ட மைய நூலகத்துக்குப் போனா போட்டித் தேர்வுக்குப் படிக்கற கூட்டம் உக்காந்திருக்கும், அதுல ஒரு நாலு பேரப் புடி. குரூப் 4ல 200 கேள்வி, 300 மார்க்கு, அதுல 100 கேள்வி தமிழ், அதுல 60 மார்க்கு எடுக்கலைன்னா மீதிப் பேப்பரத் திருத்தவே மாட்டாங்க. அப்ப ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை நாலு பேரும் சேந்து தமிழ்ப் பகுதிய மட்டும் நேரம் வெச்சு எழுதி, ஒருத்தர் பேப்பர ஒருத்தர் திருத்துங்க. டெஸ்டு வந்தாத்தான் உனக்குப் படிப்பு வரும்னு பழைய ஃபைலே சொல்லுது, அப்பறம் டெஸ்டே இல்லாமப் படிச்சா எங்கிருந்து வரும்.

காலேஜ் படிக்கறப்ப வெள்ளியங்கிரி ஏறிட்டு வந்து அன்னைக்கே கிரிக்கெட் ஆடுனவனுங்க நான். இப்ப நாப்பத்தெட்டு. மனசுல அதே தெம்பு இருக்கு, ஏறலாமுல்ல?

மனசுக்குத் தெம்பு இருக்கறது சரிங்ணா, முட்டிக்கு இருக்கான்னு மொதல்ல பாக்கணும். பழைய வெற்றி பொய் சொல்ற எடம் ஒண்ணு உண்டுன்னா அது ஒடம்புதான். கோயமுத்தூர் பக்கம் பூண்டில ராத்திரில டார்ச்சும் தடியுமா ஏற ஆரம்பிச்சு ஏழு மலை, அதுல படி இருக்கற எடத்தவிட இல்லாத எடம் பேஜாரு, எறங்கும்போது முட்டி போடற சத்தம் நமக்கே கேக்கும். வருசா வருசம் மூச்சுத்தெணறி, நெஞ்சு வலிச்சு மேலயே உசிரு போனவங்க செய்தி பேப்பர்ல வருது. இதய நோய், பிரசர், சக்கரை, ஆஸ்துமா இருக்கறவங்க ஏற வேண்டாம்னு வனத்துறையே சொல்லுது.

அதனால ரெண்டாப் பிரிங்க. பாதைல பயம் இல்ல, ராத்திரி நடக்கத் தெரியும், குளுருக்கு என்ன கொண்டு போகணும்னு தெரியும், இது பழைய ஃபைல்ல இருந்து அப்பிடியே எடுத்துக்கலாம். மூச்சு, முட்டி, இதயம், இதுக்கு பழைய ஃபைல் செல்லாது, புதுசா சாம்பிள் போட்டுப் பாக்கணும். டாக்டர்கிட்ட ஒரு ஈசிஜி, அப்பறம் சென்னிமலைல 1320 படி இருக்கு, மாசம் ரெண்டு தடவ நிதானமா ஏறி எறங்குங்க, மறுநாளு எப்படி எந்திரிக்கறீங்கன்னு பாருங்க. வெள்ளியங்கிரில பிப்ரவரில இருந்து மே வரைக்குந்தான் விடுவாங்க, இந்த வருசம் ஒடம்பு சொல்லலைன்னா அடுத்த பிப்ரவரி.

அப்ப எல்லாம் ஈசியா வந்துச்சுங்க. இப்ப ஏன் எதத் தொட்டாலும் இவ்வளவு கஷ்டமா இருக்கு?

ஈசியா வந்துச்சுன்னு யாரு சொன்னா, உங்க ஞாபகம்தான? அதை நம்பாதீங்க. முடிஞ்ச வேலையோட கஷ்டம் மனசுல நிக்கறதில்ல. அப்ப கூட இருந்த ஒரு ஆளக் கேளுங்க, அக்காவையோ ரூம்மேட்டையோ. "ஆமா, டெய்லி ராத்திரி அழுதுட்டு இருந்தயே"ன்னு சொல்வாங்க. பழைய நோட்டு, பழைய வாட்சப்பு மெசேஜ் இருந்தா அதையும் பாருங்க. இப்ப படற கஷ்டமும் அப்ப பட்ட கஷ்டமும் ஒரே அளவுன்னு தெரிஞ்சாலே பாதிப் பயம் போயிரும்.

நெசமாவே ஈசியா வந்திருந்தா அது வேற பிரச்சனை. மேல சொன்ன பாண்டுராவே இதையும் சொல்லியிருக்காரு, ஈசியான வெற்றி மட்டுமே பாத்து வளந்தவங்க எல்லாமே சீக்கிரம் வரும்னு எதிர்பாத்து, மொதல் அடியிலயே ஒடஞ்சு போயிருவாங்கன்னு. அப்பிடி வந்தத ஃபைல்ல வெக்காதீங்க. கஷ்டப்பட்டு, சுமாரா ஜெயிச்சது ஒண்ணு இருக்கும், அதை எடுங்க. பிளஸ் டூல கணக்குல சென்டம் எடுத்தத விட, இங்கிலீசுல முக்கி முக்கி அறுவது எடுத்ததுலதான் உங்களுக்குச் சரக்கு இருக்கு.

மஞ்சள் வெலை ஏறுனப்ப வித்துத்தான் ஊடு கட்டுனனுங்க. அது யோகம். அதையெல்லாம் வெற்றின்னு சொல்லி ஆட்டுப்பண்ணை போட்டா தாங்குமா?

இவரு நல்ல கேள்வி கேட்டாரு, ஏன்னா பாதிப்பேரு யோகத்தையும் தெறமைன்னு நெனச்சுக்கிட்டு அடுத்ததுல கைய வெக்கறாங்க. 2010ல ஈரோட்டுல மஞ்சள் குவிண்டால் 15 ஆயிரத்தத் தாண்டிப் போச்சு, 2012ல பாதி வெலை கூட இல்ல. அந்த வெலை ஏத்துனது நீங்க இல்லீங்ணா, அதை ஃபைல்ல இருந்து கிழிச்சுப் போட்டுருங்க.

ஆனா வெலை ஏறுன அன்னைக்கு உங்ககிட்ட சரக்கு இருந்துச்சு பாருங்க. பக்கத்துத் தோட்டத்துக்காரரு வேக வெச்ச கையோட வித்துப்போட்டாரு, நீங்க பாலீசு போட்டு மூட்டைல வெச்சுக்கிட்டு, வாராவாரம் மார்க்கெட் போயி ஏல வெலையப் பாத்துட்டு வந்தீங்க. அந்த வருசம் செலவுக்கு கடன் வாங்காம மாட்டுப்பால் காசுல ஓட்டுனீங்க, அதனாலதான் பொறுக்க முடிஞ்சுது. கையிருப்பு வெச்சுக்கிட்டு பொறுத்தது உங்களோடது. ஆட்டுக்கும் அதே மாதிரி, ஒரு வருசச் செலவு வேற பக்கமிருந்து வருதான்னு பாத்துட்டு சின்னதா ஆரம்பிச்சா தாங்கும், லோன் போட்டு நூறு ஆட்டுல ஆரம்பிச்சா அது உங்க ஃபைலே இல்ல.

ஊட்ல சொன்னா "ஆமா, பெரிய இவ"ங்கறாங்க. சொல்லாம இருக்கறதா?

எல்லார்த்துக்கும் சொல்ல வேண்டாம். ஒருத்தருக்குச் சொல்லுங்க, உங்க பழைய ஃபைல்ல பேரு இருக்கற ஆளுக்கு. உங்களை முன்னாடி ஒரு தடவ முடிச்சுப் பாத்தவங்க சொல்ற "முடியும் சாமி"க்குத்தான் வெயிட்டு. மத்தவங்க பொறவு பாத்துத் தெரிஞ்சுக்கட்டும்.

யூடியூப்ல 21 நாள்ல பழக்கம் வந்துரும்ங்கறாங்க. எனக்கு ஒரு மாசமாச்சு, ஒண்ணும் வரல.

லண்டன்ல யுனிவர்சிட்டி காலேஜ்ல ஒரு ஆராய்ச்சி நடந்துச்சு, 96 பேர வெச்சு, 2010ல வெளியாச்சு. ஒரு புதுப் பழக்கம் தானா நடக்கற அளவுக்கு வர்றதுக்கு சராசரியா 66 நாள்னு கணக்கு வந்துச்சு. ஆனா ஆளுக்கு ஆளு, வேலைக்கு வேலை 18 நாள்ல இருந்து 254 நாள் வரைக்கும் போச்சு. வெறும் பச்சத்தண்ணி குடிக்கற பழக்கமும் ஒடற்பயிற்சியும் ஒண்ணில்லையே. நடுவுல ஒரு நாள் விட்டாலும் பெருசா ஒண்ணும் கெடலன்னும் பாத்திருக்காங்க, ஒரம்பரை வந்து ஒரு நாள் நடக்காமப் போனதுக்கு மொத்தமா விட்டுப்போடறவங்களுக்காக இதை எழுதறேன்.

உங்களுக்கு எத்தன நாளுன்னு தெரியணும்னா பழையதப் பாருங்க. எக்ஸெல் ஓட்டறப்ப பயம் தெளிய எத்தன மாசமாச்சு? அதே அளவு இதுக்கும் குடுங்க.

பாதில விட்டது கணக்குல வருமா? வருசா வருசம் சபரிமலைக்கு மாலை போடறப்ப சிகரெட்டு, தண்ணி எதுவும் தொடமாட்டேன், மாலையக் கழட்டுனா மறுநாளே ஆரம்பிச்சுருது.

இத எழுதறதுக்குத்தான் இந்தப் பக்கத்தையே ஆரம்பிச்சேன்னு வெச்சுக்கங்க, அவ்வளவு பேரு கேட்டிருக்காங்க, முக்காவாசி அவங்க ஊட்டுக்காரம்மா மூலமா. பத்து வருசமா வருசத்துக்கு ஒரு மண்டலம், 41 நாள், ஒரு பப் கூட இழுக்காத ஆளு "என்னால விட முடியல"ன்னா நான் ஒத்துக்க மாட்டேன். அது பாதில விட்டதில்ல, வருசா வருசம் ஜெயிச்சது. பக்தின்னு ஒரே வார்த்தைல முடிச்சுட்டுப் போயிடறீங்க, ஃபைலப் பிரிக்கறதே இல்ல.

பிரிங்க. மாலை போட்ட அன்னைக்கு என்னென்ன மாறுது? கருப்பு வேட்டி, கழுத்துல மாலை, செருப்பு இல்ல. காலைல பச்சத்தண்ணில குளியல், அதனால முன்னாடி எந்திரிச்சதும் பத்த வெச்ச அந்த மொதல் சிகரெட்டுக்கு நேரமே இல்ல. டீக்கடைல மச்சான் "சாமி, டீ சாப்பிடறீங்களா"ன்னு கேப்பான், சிகரெட்ட நீட்ட மாட்டான், தான் புடிச்சுட்டு இருந்தாலும் அக்கட்டால போயிருவான். சாயங்காலம் பொழுதோட டாஸ்மாக் கூட்டத்துக்குப் பதிலா பஜனைக் கூட்டம். ஊரே சேந்து உங்களுக்கு வேலி கட்டியிருக்கு. மாலையக் கழட்டுன அன்னைக்கு ஊரும் கழட்டிருது, அதே மச்சான் "இப்ப சாமி இல்லையல்லோ, இந்தா"ன்னு நீட்டறான்.

அப்ப சாமிய விட்டுட்டு வேலிய மட்டும் எப்படி வெச்சுக்கறது? மலைக்குப் போயிட்டு வந்து மாலையக் கழட்டறதுக்கு முன்னாடியே அந்த மச்சான்கிட்ட நேராச் சொல்லுங்க, இன்னும் ஒரு மண்டலத்துக்கு என்ற முன்னாடி நீட்டாதன்னு. காலைக் குளியல நிறுத்தாதீங்க. அந்த டீக்கடைய கொஞ்ச நாளைக்கு மாத்துங்க. புகையிலைக்கு அரசாங்கத்தோட இலவச போன் நம்பர் இருக்கு, 1800-11-2356, அதுல பேசறதுக்கு ஆளு இருக்காங்க. தண்ணி மட்டும் கவனம், தெனமும் நெறையக் குடிக்கறவங்க திடீர்னு நிறுத்துனா கை நடுக்கம், வலிப்பு வரைக்கும் போகும், அவங்க டாக்டர்கிட்டப் பேசிட்டுத்தான் நிறுத்தணும், மாலை போடறப்பவும் அப்பிடித்தான்.

நான் எதையுமே கடைசி நேரத்துல ராத்திரி பகலா உக்காந்து முடிச்சுத்தான் பழக்கம், அதுல தோத்ததே இல்ல. சக்கரைக்கும் அப்பிடியே செய்யலாமுல்ல?

முடியாதுங்க. எங்க ஆளுக பூராத்துக்கும் இந்த வியாதி இருக்கு, சிப்மெண்ட்டு நாளைக்குன்னா இன்னைக்கு நைட்டு பூரா பேக்கிங் ஓட்டி கன்டெய்னர் ஏத்திடுவாங்க, அதே தெம்புல செக்கப்புக்கு ரெண்டு நாள் முன்னாடி சோத்தக் கொறைக்கறாங்க. எச்பிஏ1சி டெஸ்டு கடைசி ரெண்டு மூணு மாசத்து சக்கரையோட சராசரியக் காட்டும், ரெண்டு நாள் பட்டினில அது ஏமாறாது. அதுலயும் மாத்திரையப் போட்டுட்டு பட்டினி கெடந்தா லோ சுகர் ஆகி மயக்கம் வரும், வேண்டாம்.

பழைய வெற்றி ஒருத்தரக் கெடுக்கறதுன்னா இங்கதான் கெடுக்குது. ஒரே முறையில ஜெயிச்சு ஜெயிச்சு அந்த முறைதான் நாம்ங்கற நெனப்பு வந்துருது. உங்க ஊட்லயே வேற ஃபைல் இருக்கும், தெனமும் கொஞ்சங் கொஞ்சமாச் செஞ்சது. தென்னைக்குத் தண்ணி விடறத வருசத்துல ஒரு நாளு மொத்தமாவா செய்யறீங்க? அந்த ஃபைல எடுங்க, சிப்மெண்ட் ஃபைல உள்ள வைங்க.

அப்ப எல்லாத்துக்கும் காரணம் எங்கம்மாதான். இப்ப அம்மா இல்ல. ஃபைல்ல இருக்கற ஆளே இல்லைன்னா என்னக்கா பண்றது?

அம்மா எடத்துக்கு ஆளு வராது, அதை நான் பேசல. அம்மா என்ன செஞ்சாங்கன்னு மட்டும் எழுதிப் பாரு. இதைக் கேட்ட புள்ள எழுதுனது, நாலரைக்கு எழுப்பி விடுவாங்க, வரக்காப்பி குடுப்பாங்க, படிக்கற வரைக்கும் பக்கத்துல உக்காந்து கருவேப்பில உருவிட்டு இருப்பாங்க, மார்க்கு கொறஞ்சா திட்டமாட்டாங்க, "அடுத்ததுல பாத்துக்கலாம் போ"ம்பாங்க. எழுப்பறதுக்கு அலாரம் இருக்கு. பக்கத்துல சும்மா உக்கார்றதுக்கு இப்ப அதோட கொழுந்தியா உக்கார்றா, அவளும் அவ டெய்லரிங் நோட்ட எடுத்துட்டு வந்து. மார்க்கு கொறஞ்ச அன்னைக்கு அந்த ஒரு வார்த்தைய யாரு சொல்றதுன்னு கேட்டுச்சு, என்னைக் கூப்புடுன்னேன், கூப்புடுது.

எது வரைக்கும் முயற்சி பண்ணலாம்? எப்ப விட்டுறலாம்?

ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே முடிவு பண்ணி எழுதி வைங்க, நடுவுல சோர்ந்து கெடக்கற அன்னைக்கு முடிவு பண்ணாதீங்க. வெள்ளியங்கிரி அண்ணனுக்கு சென்னிமலைதான் அளவு, அங்க மூணு மாசம் ஏறியும் மூச்சு வாங்கறது கொறையலைன்னா விட்டுறலாம். குரூப் 4 கண்ணு ரெண்டு அட்டெம்ப்ட்டுன்னு வெச்சிருக்குது.

இன்னொண்ணு, விடறதுக்கு முன்னாடி விடப் போறது இலட்சியத்தையா, வழியையான்னு பாத்துக்கங்க. நம்ம செக்கிங் அக்கா காலை அலாரத்த விட்டாங்களே ஒழிய நடைய விடல. வேற ஃபைல் ஒண்ண எடுத்து வழிய ஒரு தடவ மாத்திப் பாத்துட்டு, அப்பவும் ஆகலைன்னா தாராளமா விடுங்க. அடுத்தவங்களுக்காக ஆரம்பிச்சதுன்னா, பங்காளி கார் வாங்குனான் அதனால நானும்ங்கற மாதிரி, அதை இன்னைக்கே விட்டுறலாம், வழியெல்லாம் மாத்திப் பாக்க வேண்டியதில்ல.